அரசமொழியும் சமயமொழியும்: பண்டைப் பாரசீகர் பற்றிய மாற்று வரலாற்றைத் தமிழில் பெயர்ப்பது குறித்து

0. முன்னுரை

பண்டைப் பாரசீகர் பற்றித் தமிழில் வழங்கும் செய்திகளுள் பெரும்பகுதி கிரேக்கர் வழியாகவோ எபிரேயர் வழியாகவோ வந்தது. பாரசீக அரசர் தம்மைப் பற்றித் தாமே கூறியவை கல்வெட்டுகளில் உள்ளன. கிரேக்கர் கூற்றுக்கு மறுமொழியாக ஒரு பாரசீகனின் வாயிலிருந்தே வரலாற்றைச் சொல்லும் முயற்சியாக அமைந்தது, கோர் வைடல் எழுதி 1981இல் வெளிவந்த 'கிரியேஷன்' என்னும் ஆங்கிலப் புதினம். முதற்பதிப்பில் நீக்கப்பட்ட இயல்களையும் சேர்த்து இப்புதினம் 2002இல் மீண்டும் வெளியிடப்பட்டது. இப்புதினத்தையும், இதற்கு அடித்தளமாக உள்ள பாரசீகக் கல்வெட்டுகளையும் தமிழில் பெயர்க்க முற்படுபவர் எதிர்கொள்ளும் சொற்பொருள் சிக்கல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசையும் சமயத்தையும் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் நெடுங்காலமாக ஒரே பொருட்புலத்தில் பின்னிக் கிடக்கின்றன. பாரசீக அரச மொழியிலோ இவ்விரண்டும் நெருங்கி நின்றபோதும் தெளிவாக வேறுபடுத்தப்பட்டுள்ளன. தமிழ்ச் சொற்களை அவற்றின் வரலாற்றைக் கருதாமல் ஆளும் மொழிபெயர்ப்பு, மூலத்தில் இல்லாத ஒரு சமயக் கொள்கையைப் பாரசீக அரசன் மீது ஏற்றிவிடும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுவே.

1. மூன்று வரலாறுகள்

1.1 அரசன் கூறும் வரலாறு

முதலாம் டேரியஸ் கி.மு. 522 முதல் 486 வரை ஆண்டவன். அவன் ஆட்சிக்கு வந்த வரலாற்றை மேற்கு ஈரானில் உள்ள பெகிஸ்தூன் மலைமுகத்தில் பழம்பாரசீகம், ஈலமியம், அக்காதியத்தின் பாபிலோனிய வழக்கு ஆகிய மூன்று மொழிகளில் பொறித்துள்ளான். கம்பீசஸ் என்னும் அரசன் தன் உடன்பிறந்தானாகிய பர்தியாவை மறைவாகக் கொன்றான் என்றும், கௌமாதன் என்னும் மகு சமயகுரு தானே பர்தியா எனப் பொய்கூறி அரியணையைப் பற்றினான் என்றும், அகுரமஸ்தாவின் துணையால் தான் அவனைக் கொன்று அரசை மீட்டதாகவும் டேரியஸ் கூறுகிறான். தன்னை எதிர்த்து எழுந்த ஒன்பது அரசரை அவன் சுட்டுகிறான். அவர்கள் ஒவ்வொருவரும் 'பொய் சொன்னவர்' என்றே குறிக்கப்படுகின்றனர்.

கொல்லப்பட்டவன் போலி அல்லன், உண்மையான இளவரசனே என்றும், போலிக் கதை டேரியஸின் படைப்பு என்றும் கருதும் வரலாற்றறிஞர் உள்ளனர். பாரசீகப் பேரரசு பற்றி 1948இல் வெளிவந்த ஓம்ஸ்டெட்டின் நூல் இக்கருத்தை வலியுறுத்தியது. இதனை ஏற்பின், பெகிஸ்தூன் கல்வெட்டே நாம் அறிந்த மாற்று வரலாறுகளுள் மூத்த ஒன்று எனலாம்.

1.2 கிரேக்கர் கூறும் வரலாறு

ஹெரோடோட்டஸ் போலி இளவரசன் கதையை ஏறக்குறைய டேரியஸ் கூறியவாறே ஏற்றுக்கொள்கிறார். ஆயினும் பாரசீக அரசைத் தன்னிச்சை ஆட்சியின் எடுத்துக்காட்டாகக் காட்டும் போக்கு கிரேக்க இலக்கியத்தில் அவருக்கு முன்பே உண்டு. கி.மு. 472இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'பாரசீகர்' நாடகத்தில் குழுவினர் அரசமாதாவைப் பாரசீகக் கடவுளின் மனைவி என்றும் கடவுளின் தாய் என்றும் விளிக்கின்றனர். பாரசீகர் தம் அரசனைக் கடவுளாகக் கொண்டனர் என்னும் எண்ணம் இத்தகைய கிரேக்கச் சான்றுகளின் வழியே பரவியது.

1.3 புதினம் கூறும் வரலாறு

வைடலின் கதைசொல்லி சைரஸ் ஸ்பிதாமா, ஜரதுஷ்டிரரின் பேரனாகப் படைக்கப்பட்டவன். முதுமையில் பார்வையிழந்து ஏதென்சில் பாரசீகத் தூதனாக இருக்கும் அவன், ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றைப் படிக்கக் கேட்டுச் சினந்து, தன் நினைவுகளை இளைஞனான டெமாக்ரிட்டஸுக்குச் சொல்லி எழுதச் செய்கிறான். கிரேக்கர் 'பாரசீகப் போர்' என்பதை அவன் 'கிரேக்கப் போர்' என்கிறான். மகதத்திற்கும் சீனத்திற்கும் சென்று புத்தரையும் கன்பூசியசையும் சந்திக்கிறான். பர்தியா செய்தியில் புதினம் ஐயமுடையோர் பக்கமே சாய்கிறது.

மாற்று வரலாறு என்னும் சொல்லை இருவகையில் ஆளலாம். நிகழ்ந்ததற்கு மாறான நிகழ்வுகளைக் கற்பிப்பது ஒன்று. நிகழ்வுகளை மாற்றாமல் அவற்றைக் காணும் இடத்தை மாற்றுவது மற்றொன்று. வைடலின் புதினம் இரண்டாம் வகை. போரின் முடிவு அதில் மாறவில்லை. போருக்குப் பெயரிடும் உரிமையே மாறுகிறது. எனவே இப்புதினத்தின் ஆற்றல் முழுவதும் சொற்றேர்வில் உள்ளது. கிரேக்கர் கருத்தைத் தாங்கி வரும் சொற்களை மொழிபெயர்ப்பாளர் அறியாமல் ஆள்வாராயின் புதினம் தன் நோக்கத்தையே இழக்கும்.

2. பெயர்கள்

புதினத்தின் முதல் முரண் பெயர்களில் உள்ளது. கிரேக்கர் கூற்றை மறுக்கும் கதைசொல்லி சைரஸ், டேரியஸ், செர்க்சஸ், அடோசா எனக் கிரேக்க வடிவங்களையே ஆள்கிறான். கிரேக்க இளைஞனுக்குச் சொல்லப்படும் கதை என்பதால் இது கதைக்குள் பொருந்தும். தமிழில் இச்சிக்கல் இன்னும் விரிகிறது. தமிழ் விவிலியத்தின் வழியாகக் கோரேஸ், தரியு, அகாஸ்வேரு, அர்தசஷ்டா என்னும் எபிரேயச் சாயல் கொண்ட வடிவங்கள் நம்மிடம் முன்பே உள்ளன. பாடநூல்களின் வழியாகச் சைரஸ், டேரியஸ், செர்க்சஸ் என்பன வந்தன. அகாஸ்வேருவும் செர்க்சஸும் ஒருவரையே குறிப்பன எனப் பொதுவாகக் கொள்ளப்படுவது தமிழ் வாசகர் பலருக்கு வியப்பளிக்கலாம். இவற்றோடு குருஷ், தாரயவௌஷ், க்ஷயார்ஷன் என்னும் மூலவடிவங்களும் உள்ளன.

புதினத்திற்குப் பாடநூல் வடிவங்களும் கல்வெட்டு மொழிபெயர்ப்பிற்கு மூலவடிவங்களும் ஏற்றவை. விவிலிய வடிவங்களைப் புதினத்தில் ஆள்வது ஒரு சமயக் கண்ணோட்டத்தை உடன் கொணரும். ஏனெனில் விவிலியத்தின் ஏசாயா நூலில் கோரேஸ் கர்த்தரால் அபிஷேகம் செய்யப்பட்டவன்; பாபிலோனிய உருளைச் சாசனத்தில் அவனே மர்துக் தெய்வத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவன். கி.மு. 539இல் நிகழ்ந்த ஒரே வெற்றியை இரு சமூகத்தினர் தத்தம் சமயமொழியில் பெயர்த்துக்கொண்டனர்.

3. அரசனைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

3.1 தமிழில் இறை என்னும் சொல் அரசனையும் கடவுளையும் குறிக்கும். திருக்குறளின் முதல் அதிகாரத்தில் இறைவன் கடவுள்; முப்பத்தொன்பதாம் அதிகாரமாகிய இறைமாட்சியில் இறை அரசன். நீதி செய்து காக்கும் மன்னன் மக்களுக்கு இறையாக வைக்கப்படுவான் என்னும் கருத்துள்ள குறளுக்கு உரைகூறும் பரிமேலழகர், அவன் பிறப்பால் மகனே ஆயினும் செயலால் கடவுள் என வேறுபடுத்துகிறார். இவ்வேறுபாடு கருதத்தக்கது. சோழர் கல்வெட்டுகளில் இறை என்பது நிலவரியையும் குறிக்க, வரி நீக்கிய நிலம் இறையிலி எனப்பட்டது.

உடையார் என்னும் சொல்லும் இத்தகையதே. தஞ்சைக் கல்வெட்டுகளில் அரசன் 'உடையார் ஸ்ரீராஜராஜதேவர்'. அவன் எடுத்த கோயிலின் இறைவன் 'ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்'. தேவர் என்னும் பின்னொட்டு அரசனுக்கும் வரும். பெருமாள் என்பது சேர, பாண்டிய அரசர் பெயர்களிலும் திருமாலின் பெயராகவும் வழங்குகிறது. ஆண்டவன் என்னும் சொல்லோ ஆட்சியைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்து இன்று கடவுளை மட்டுமே சுட்டுகிறது. தேவரீர் என்னும் விளி இருவருக்கும் பொது.

3.2 பழம்பாரசீகத்தில் நிலைமை வேறு. அரசனைக் குறிக்கும் 'க்ஷாயதிய' என்னும் சொல் ஆளுதலைக் குறிக்கும் அடியினின்று பிறந்தது. வடமொழி க்ஷத்ர என்பதனோடு தொடர்புடையது. பிற்காலப் பாரசீகத்தில் 'ஷா' எனக் குறைந்தது. கடவுளைக் குறிக்கும் சொல் 'பக'. முன்னது கடவுளையோ பின்னது அரசனையோ இக்கல்வெட்டுகளில் குறிப்பதில்லை. அரசன் தன்னை அகுரமஸ்தாவின் மகன் என்றோ வடிவம் என்றோ கூறிக்கொள்வதில்லை. தன் தந்தை, பாட்டன் என மனித மரபையே வரிசைப்படுத்துகிறான்.

3.3 இவ்வேறுபாடு மொழியைச் சார்ந்தது என்பதற்கு ஒரே பொருளில் அமைந்த சான்று உண்டு. 1972இல் சூசா நகர அகழாய்வில் டேரியஸின் சிலை ஒன்று கிடைத்தது. எகிப்தில் செய்யப்பட்ட அச்சிலையில் ஆப்பெழுத்தில் மூன்று மொழிகளிலும், எகிப்தியப் பட எழுத்திலும் வாசகங்கள் உள்ளன. ஆப்பெழுத்து வாசகங்களில் டேரியஸ் அகுரமஸ்தாவை வணங்கும் அரசன். எகிப்திய வாசகத்தில் அவன் எகிப்திய மன்னர் மரபுப்படி தெய்வமகன். கல் ஒன்று, அரசன் ஒருவன், கொள்கை இரண்டு. எகிப்திய எழுத்தன் பாரசீகக் கருத்தைத் தன் மொழியின் அரச மரபிற்கு ஏற்ப மாற்றினான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் டேரியஸை 'இறைவன்' என்றோ 'தேவர்' என்றோ குறிப்பாராயின், அவர் செய்வதும் இதுவே. ஆனால் எகிப்திய எழுத்தன் அரசன் ஆணைக்குக் கட்டுப்பட்டு அறிந்தே அதனைச் செய்தான். நாம் அறியாமற் செய்வோம்.

ஆதலின் அரசன், மன்னன், பேரரசன் என்னும் சொற்களே ஏற்றவை. 'அரசர்க்கு அரசன்' என்னும் பாரசீகப் பட்டம், சகர், குஷாணர் நாணயங்களில் 'ராஜாதிராஜ' என வடஇந்தியாவிலும், பின்னர்ச் சோழர் பெயராகத் தமிழ்நாட்டிலும் வழங்கியது. மன்னர்மன்னன் என்னும் தமிழ்த்தொடர் இதற்குத் தடையின்றிப் பொருந்தும்.

4. கோயில் என்னும் சொல்

4.1 கௌமாதன் அழித்த 'ஆயதன'க்களைத் தான் மீட்டமைத்ததாக டேரியஸ் கூறுகிறான். வழிபடுதலைக் குறிக்கும் 'யத்' என்னும் பாரசீக அடியினின்று பிறந்த இச்சொல்லின் நேர்பொருள் வழிபாட்டிடம் என்பதே. இவ்வடி வடமொழி 'யஜ்' என்பதன் இனம். ஈலமிய வடிவமும் பாபிலோனிய வடிவமும் இதனைத் தெய்வங்களின் இல்லம் எனப் பெயர்த்தன. பாரசீகர் கோயிலோ படிமமோ அமைப்பதில்லை என ஹெரோடோட்டஸ் கூறுவதோடு இதனை ஒப்பிட்டால் சிக்கல் புலப்படும். பாபிலோனிய எழுத்தன் தன் ஊரில் வழிபாட்டிடம் என்றால் எது உண்டோ அதனை எழுதினான்.

4.2 தமிழில் இதனைக் கோயில் எனல் எளிது. ஆனால் கோயில் என்பது கோவின் இல்லம். சிலப்பதிகாரத்தில் அது அரண்மனையையும் குறிக்கிறது, தெய்வத்தின் உறைவிடத்தையும் குறிக்கிறது. பிற்காலத்தில் அரண்மனைப் பொருள் வழக்கொழிந்து, சைவர்க்குத் தில்லையும் வைணவர்க்குத் திருவரங்கமும் சிறப்பாகக் கோயில் எனப்பட்டன. அரசனும் தெய்வமும் ஓரில்லத்தைப் பெயரளவில் பகிர்ந்துகொண்ட வரலாறு இச்சொல்லுக்குள் உறைந்துள்ளது.

இத்தகைய பொருள் வளர்ச்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழி 'மந்திர' என்பதும் முதலில் இல்லம், மாளிகை எனப் பொருள்பட்டுப் பின் தெய்வத்தின் இல்லம் ஆயிற்று. முனிர்காவை அடுத்த இராமகிருஷ்ணபுரத்தில் குன்றின்மேல் உள்ள உத்தர சுவாமிமலை முருகன் கோயிலைத் தில்லித் தமிழரும் பேச்சில் 'மலை மந்திர்' என்றே வழங்குகின்றனர். கோயில் என்னும் சொல்லின் இடத்தை அதே வரலாறுடைய மற்றொரு சொல் பிடித்துக்கொண்டது. இங்கு இழப்பு ஏதும் இல்லை. பாரசீகச் சொல்லுக்கு இவ்வரலாறு இல்லாமையால் அங்கு மட்டுமே கோயில் பொருந்தாதாகிறது. 'வழிபாட்டிடம்' என்னும் பொதுச்சொல் அங்குப் போதுமானது.

4.3 இங்குத் தமிழ் எழுத்துமுறையால் விளையும் ஒரு மயக்கத்தையும் சுட்டவேண்டும். வடமொழியில் உறைவிடம், வழிபாட்டிடம் எனப் பொருள்படும் 'ஆயதன' என்னும் வேறொரு சொல் உண்டு. தமிழிலும் ஆயதனம் என வழங்கும். அதன் அடி வேறு. வடசொல்லில் வருவது ஒலிப்பிலாத் தகரம், பாரசீகச் சொல்லில் வருவது ஒலிப்புடைத் தகரம். இரண்டையும் தமிழ் ஒரே எழுத்தால் எழுதுவதால், ஒலிபெயர்ப்பில் இவை ஒன்றாகிவிடுகின்றன. ஒலிபெயர்ப்பு எப்போதும் நடுநிலையானது என்னும் நம்பிக்கை இவ்விடத்தில் பொய்க்கிறது.

5. இனச்சொற்கள் தரும் மயக்கம்

பழம்பாரசீகமும் வடமொழியும் ஒரே கிளையின என்பதால், வடமொழி வழித் தமிழுக்கு வந்த பல சொற்களுக்குப் பாரசீகத்தில் உறவு உண்டு. இவ்வுறவே பொருளொற்றுமைக்குச் சான்றாகாது. மூன்று சொற்களை நோக்கலாம்.

5.1 பக

இது பகவன் என்னும் சொல்லின் உறவு. இரண்டும் கடவுட்பொருளிலேயே நிற்கின்றன. இங்கு மயக்கம் குறைவு.

5.2 தைவ

செர்க்சஸ் பெர்செபொலிஸில் பொறித்து 1935இல் கண்டெடுக்கப்பட்ட சாசனத்தில், தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுள் ஒன்றில் முன்பு 'தைவ'ங்கள் வழிபடப்பட்டன என்றும், அந்தத் 'தைவதான'த்தைத் தான் அழித்து அவ்வழிபாட்டைத் தடை செய்ததாகவும் கூறுகிறான். நாட்டின் பெயரை அவன் கூறவில்லை. ஏதென்சு, பாபிலோன், எகிப்து எனப் பலவாறு ஊகிக்கப்பட்டது. குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சுட்டாமல் அரசக் கொள்கையைப் பொதுவாக அறிவிப்பதே சாசனத்தின் நோக்கம் என்பாரும் உளர்.

தைவ என்பது தேவ, தெய்வம் என்பவற்றின் உறவு. ஆனால் பொருள் நேர்மாறு. அது வணங்கத்தகாத பொய்த்தெய்வத்தைக் குறிக்கிறது. சாசனத்தின் பாபிலோனிய வடிவம் தீயவர் எனப் பொருள்படும் சொல்லை ஆள்கிறது. ஈலமிய வடிவமோ பாரசீகச் சொல்லையே எழுத்துப்பெயர்த்து வைத்துக்கொண்டது. அகுர–அசுர என்னும் இணையிலும் இத்தகைய தலைமாற்றம் உண்டென்பது நன்கறியப்பட்டது. தொல்காப்பியர் கருப்பொருள்களுள் வைத்து எண்ணும் தெய்வம் என்னும் சொல்லை இங்கு இட்டால், செர்க்சஸ் பொதுவாகத் தெய்வ வழிபாட்டையே அழித்தவனாகிவிடுவான். தைவதான என்பதை ஒலிபெயர்த்தாலோ, கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் 'தேவதானம்' என்னும் கல்வெட்டுச் சொல் நினைவிற்கு வரும். பாரசீகத் 'தான' இடத்தைக் குறிப்பது. தேவதானத்தின் 'தானம்' கொடையைக் குறிப்பது. ஒன்று அழிக்கப்பட்ட இடம், மற்றது காக்கப்பட்ட நிலம். 'பொய்த்தெய்வங்களின் இடம்' என விரித்துக் கூறுவதே தக்கது. புதினத்திலும், சைரஸ் ஸ்பிதாமா இந்தியாவில் தேவர் பற்றிப் பேசும் இடங்களில், அவன் செவியில் அச்சொல் தீய ஆற்றலின் பெயராக ஒலிக்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலிடத்திலேயே புலப்படுத்தவேண்டும்.

5.3 திரௌக

பெகிஸ்தூன் கல்வெட்டின் அச்சாணி இச்சொல்லே. கம்பீசஸ் எகிப்து சென்றபின் நாட்டில் திரௌகம் பெருகியது என்கிறான் டேரியஸ். அவெஸ்தாவின் 'துருஜ்', வடமொழியின் 'த்ரோஹ' ஆகியன இதன் உறவுகள். தமிழில் வழங்கும் துரோகம் அவ்வடமொழிச் சொல்லே. கிளர்ச்சியாளரைக் குறிக்கும் இடத்தில் துரோகம் என்னும் சொல் மிக இயல்பாக வந்து விழும்.

இதனைத் தமிழ்நாட்டுச் சான்று ஒன்றோடு ஒப்பிடலாம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. இரண்டாம் ஆதித்தனாகிய கரிகாலனைக் கொன்றவர்களைச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் எனப் பெயர் சுட்டித் 'துரோகிகள்' என அது குறிக்கிறது. அவர்களுடைய உறவினரின் உடைமைகளைப் பறிமுதல் செய்வதே அதன் செய்தி. பிரமாதிராசன் என்னும் அரசப் பட்டம் பெற்றவர்களும் இவர்களுள் உள்ளனர். கொலைக்கும் இக்கல்வெட்டிற்கும் இடையில் உத்தமசோழன் ஆட்சி கழிந்ததால், அவனுக்கும் கொலைக்கும் தொடர்புண்டோ என்னும் ஐயத்தை நீலகண்ட சாஸ்திரியார் எழுப்பினார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' இக்கொலையைச் சுற்றியே பின்னப்பட்டது. அரியணைக்குரியவன் கொலையுண்டதும், அதுபற்றி அரச ஆவணம் கூறியது போக எஞ்சிய மௌனத்தைப் புதினம் நிரப்பியதும் பாரசீகத்திற்கும் சோழநாட்டிற்கும் பொதுவாக உள்ளன.

ஆயினும் இரு கல்வெட்டுகளின் மொழி வேறு. உடையார்குடியில் துரோகம் என்பது அரசனுக்கு எதிரான குற்றத்தின் பெயர். அதன் விளைவு நிலப்பறிமுதல். பெகிஸ்தூனில் திரௌகம் என்பது பொய். உலக ஒழுங்கிற்கே எதிரான தீமை. டேரியஸ் தன்னை எதிர்த்தவரைப் பொய்யர் என்பதால் அரசியல் எதிர்ப்பு சமயக் குற்றமாகிறது. அரசும் சமயமும் அக்கல்வெட்டில் சந்திக்கும் இடம் இதுவே. துரோகம் என மொழிபெயர்த்தால் கிளர்ச்சி கிளர்ச்சியாகவே குறிக்கப்பட்டு, அரசன் செய்த அந்தச் சொல்மாற்றம் வாசகர் கண்ணுக்குத் தெரியாமற் போகும். பொய் என்றே எங்கும் ஒருசீராகப் பெயர்த்தால்தான், 'இவர்கள் சொன்னது பொய்தானா, அன்றி இவன் சொல்வது பொய்யா' என்னும் வினா வாசகர் உள்ளத்தில் எழும். வைடலின் புதினம் எழுப்பும் வினாவும் அதுவே. சொற்பிறப்பு காட்டும் வழியிலிருந்து விலகினால்தான் இங்கு மூலப்பொருளை அடைய முடிகிறது.

6. அருளும் நிழலும்

6.1 டேரியஸ் தன் செயல் ஒவ்வொன்றும் 'வஷ்னா அகுரமஸ்தா' நிகழ்ந்ததாகக் கூறுகிறான். விரும்புதலைக் குறிக்கும் அடியினின்று வந்த வஷ்னா என்பதை விருப்பத்தால், திருவுளத்தால் எனலாம். அருளால் எனவும் பெயர்க்கலாம். வடமொழி வழித் தமிழில் வழங்கும் வசம் என்பது இதன் தொலைவான உறவு. ஆனால் இங்கு உதவாது. பாபிலோனிய வடிவம் இதனை அகுரமஸ்தாவின் 'நிழலில்' எனப் பெயர்த்தது. அரசனின் குடைநிழலையும் இறைவனின் தாள்நிழலையும் ஒருங்கே அறிந்த தமிழருக்கு இவ்வுருவகம் அயலன்று. எனினும் பாபிலோனிய வடிவத்தைப் பெயர்ப்பவர்க்கே அது உரியது. பாரசீக வடிவத்தைப் பெயர்ப்பவர் அதனைக் கடன்கொள்ளலாகாது.

6.2 அருளால் என்னும் சொல்லைவிடக் கருதத்தக்கது அருளு என்னும் துணைவினை. சோழர் மெய்க்கீர்த்திகளில் 'கலமறுத்தருளி' என்பது போல அரசனின் போர்ச்செயலும் அருளல் ஆகிறது. எழுந்தருளுதல் கடவுளுக்கும் அரசனுக்கும் பொது. வரலாற்றுப் புதின நடை இத்துணைவினையை இன்றும் உயிருடன் வைத்துள்ளது. எனவே மொழிபெயர்ப்பாளர் கையில் அது தானே வந்து சேரும். 'மன்னர் கௌமாதனைக் கொன்றருளினார்' என எழுதின், கொலை இறைச்செயலாகத் தோன்றும். மூலத்தில் உள்ளதோ 'நான் கொன்றேன்' என்னும் தன்மை ஒருமைத் தொடரே. தஞ்சைக் கல்வெட்டில் இராசராசன் நாம் எனத் தன்மைப் பன்மையில் பேசுகிறான். டேரியஸ் நான் என்றே பேசுகிறான். இந்த ஒருமையைக் காத்தல் வேண்டும்.

இதனை ஒரு விதியாகக் கூறலாம்: பாரசீக மூலத்தில் அருள் கடவுளிடமிருந்து அரசனுக்கு வருவது; அரசன் அருளுவதில்லை. பெயர்ச்சொல்லாக அருளை ஏற்கும் மொழிபெயர்ப்பாளர் துணைவினையாக அதனை விலக்கவேண்டும்.

6.3 புதினத்தில் 'அறிவுடைத் தலைவன்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் அகுரமஸ்தா பெரிதும் குறிக்கப்படுகிறார். இதனை ஆண்டவர் என்றோ கர்த்தர் என்றோ பெயர்த்தால் கிறித்தவத் தமிழின் சாயலும், பகவான் என்றால் வைதிகச் சாயலும் படியும். அகுரமஸ்தா என்னும் பெயரையே ஆண்டு, பொருளை முதலிடத்தில் மட்டும் விளக்குதல் நன்று.

7. தில்லிச் சான்று

அரசாணையைப் பல மொழிகளில், பல சமயத்தார்க்கு அறிவிக்கும் பாரசீக முறையின் தொடர்ச்சியை அசோகன் கல்வெட்டுகளில் காணலாம். 'அரசன் தாரயவௌஷ் கூறுகிறான்' என்னும் பாரசீக வாய்பாட்டிற்கும், 'தேவர்க்கு இனிய பியதசி அரசன் இவ்வாறு கூறுகிறான்' என்னும் அசோக வாய்பாட்டிற்கும் உள்ள ஒப்புமை அறிஞர் பலரால் சுட்டப்பட்டது. ஷாபாஸ்கரி கல்வெட்டில் எழுத்தைக் குறிக்க வரும் 'திபி' என்னும் சொல் பாரசீகத்தினின்று பெற்றது. நாம் வழங்கும் லிபி என்பதும் அச்சொல்லின் வடிவமே. ஈலமியம், அக்காதியம், சுமேரியம் எனப் பின்னோக்கிச் செல்லும் நெடிய வரலாறு அதற்கு உண்டு.

முனிர்காவுக்குக் கிழக்கே, கால்காஜி கோயிலை அடுத்த பகாபூர்ப் பாறையில் அசோகனின் சிறுபாறைச் சாசனம் 1966இல் கண்டறியப்பட்டது. பல ஊர்களில் கிடைக்கும் இச்சாசனத்தில், ஜம்புத்வீபத்தில் இதுவரை 'அமிஸ'மாக இருந்த தேவர்கள் இப்போது 'மிஸ'மாயினர் என்னும் பொருள்பட ஒரு தொடர் உண்டு. தொடக்ககால ஆய்வாளர் 'மிஸ' என்பதனைப் பொய்யைக் குறிக்கும் வடமொழி 'ம்ருஷா' எனக்கொண்டு, மெய்யெனக் கருதப்பட்ட தேவர்கள் பொய்யாக்கப்பட்டனர் என உரைத்தனர். 1915இல் கிடைத்த மாஸ்கி வடிவம், கலத்தலைக் குறிக்கும் 'மிச்ர' என்பதே இச்சொல் எனக் காட்டியது. மனிதரோடு கலவாதிருந்த தேவர்கள் கலந்தனர் என்பதே இன்று ஏற்கப்படும் பொருள். ஒரு சொல்லின் உறவைத் தவறாகக் கணித்தபோது அசோகன் தேவர்களை மறுத்த செர்க்சஸ் ஆனான். சரியாகக் கணித்தபோது தேவர்களை மக்களிடம் கொணர்ந்தவன் ஆனான். சொல்லுரை ஒன்று அரசனின் சமயக் கொள்கையையே மாற்றிய நிகழ்ச்சி இது.

1958இல் கந்தகாரில் கிடைத்த இருமொழிச் சாசனத்திலும் இத்தகைய தேர்வுகள் உள்ளன. அதன் கிரேக்க வடிவம் தம்மத்தைத் தெய்வபக்தியைக் குறிக்கும் சொல்லாலும், அரமாயிக் வடிவம் வாய்மையைக் குறிக்கும் சொல்லாலும் பெயர்த்தன. 'தேவர்க்கு இனிய' என்னும் அடைமொழி கிரேக்க வடிவத்தில் இல்லை. பாரசீக ஆட்சியில் பயின்ற அரமாயிக் எழுத்தர்க்கு, பொய்க்கு எதிரான வாய்மையே அரசன் அறிவிக்கத்தக்க அறமாகத் தோன்றியது போலும். தமிழில் அறம் என்னும் சொல் தம்மத்திற்குப் பொருந்துகிறது; ஆனால் பாரசீகத்தின் 'அர்த' என்பதோடு ஒலியளவில் ஒத்திருப்பது கருதி இரண்டையும் இணைத்தல் தகாது. அறம் திராவிட வேருடைய சொல்.

தில்லியில் உள்ள தோப்ராத் தூணை 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் தன் கோட்டையில் நிறுத்தினான். அதன் எழுத்தை அன்று படிக்கவல்லார் இல்லை. 1837இல் பிரின்செப் படித்தபின்பே அது மீண்டும் பேசத் தொடங்கியது. படிக்கப்படாத அரசாணை ஆற்றலின் சின்னமாக மட்டும் நிற்கும். தவறாகப் படிக்கப்பட்டதோ வேறொருவரின் ஆணையாகிவிடும்.

8. முடிவுரை

8.1 வைடலின் புதினம் பாரசீகரைக் கிரேக்கர் பார்வையிலிருந்து மீட்க முனைகிறது. அம்முயற்சியில் அது ஓரளவே வெற்றி பெறுகிறது. பாரசீக அரசவையின் சமயத்தை ஜரதுஷ்டிரர் கொள்கையை மையமாகக் கொண்டே அது காண்கிறது. டேரியஸ், செர்க்சஸ் ஆகியோரின் சாசனங்களிலோ ஜரதுஷ்டிரர் பெயரே இல்லை. பெர்செபொலிஸில் 1933–34இல் கிடைத்த ஈலமியக் களிமண் ஏடுகள், அகுரமஸ்தாவோடு ஹும்பான் முதலிய ஈலமியத் தெய்வங்களின் படையலுக்கும் அரசுக் களஞ்சியத்திலிருந்து பொருள் வழங்கப்பட்டதைக் காட்டுகின்றன. உண்மையில் இருந்த பன்மை, புதினத்தில் மெய்க்கும் பொய்க்கும் இடையிலான வாதமாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் அரசன் சொன்னதே வரலாறு என ஏற்க மறுக்கும் அதன் துணிவு போற்றத்தக்கது.

8.2 மொழிபெயர்ப்பிற்குப் பின்வரும் முடிவுகளை முன்வைக்கலாம்: அரசனை இறைவன், உடையார், தேவர், தேவரீர் என்னும் சொற்களால் குறித்தல் கூடாது. ஆயதன என்பதற்கு வழிபாட்டிடம் என்பதே ஏற்றது. தைவ என்பதைத் தெய்வம் எனலாகாது. திரௌகத்தைப் பொய் என ஒருசீராகப் பெயர்த்தல் வேண்டும். அருளு என்னும் துணைவினையை அரசனின் வினைகளோடு சேர்த்தலாகாது. அரசனின் தன்மை ஒருமையைப் பன்மையாக்கலாகாது.

8.3 இவை தமிழின் குறைபாட்டைக் காட்டுவன அல்ல. கோவும் கோயிலும், இறையும் இறைவனும் ஒன்றையொன்று தொட்டு வளர்ந்த வரலாறு தமிழரின் அரசியல் வரலாறே. அந்த வரலாறு நம் சொற்களில் இருப்பதை அறிந்தவரே அதனைப் பிறர் மேல் ஏற்றாமல் விலக்க முடியும். பாரசீகப் பேரரசின் எழுத்தர் ஒரே ஆணையை மூன்று மொழிகளில் எழுதியபோது ஒவ்வொரு மொழியிலும் அரசன் சற்றே வேறானான். தமிழ் இப்போது நான்காம் மொழியாக அவ்வரிசையில் சேர்கிறது. அதில் டேரியஸ் எத்தகைய அரசனாக நிற்பான் என்பது நாம் தேரும் சொற்களைப் பொறுத்தது.